கார்புரேட்டர் எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர் மானிட்டர் தேவையா? பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

வாங்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நிறையக் குறை சொல்லப் போகிறேன்.

நான் பேசுவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஈஜிடியும் சிஹெச்டியும் காட்டும் விமான எஞ்சின் மானிட்டர் பற்றி. அதாவது புகைவாயு வெப்பம், சிலிண்டர் தலை வெப்பம், கூடவே எரிபொருள் ஓட்டம், கார்புரேட்டர் வெப்பம். கம்பெனி பெயர் சொல்லவில்லை. இதே வேலையைச் செய்யும் பெட்டிகள் சந்தையில் நாலைந்து இருக்கின்றன, நான் சொல்வதில் முக்கால்வாசி எல்லாவற்றுக்கும் பொருந்தும். மாட்டியிருப்பது பழைய செஸ்னா 182-ல், கான்டினென்டல் ஓ-470 எஞ்சின், அடியில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து தர ஒரே ஒரு மார்வல்-ஷெப்ளர் கார்புரேட்டர். இந்த எஞ்சினை ஓட்டியவர்களுக்குத் தெரியும், முரட்டு உழைப்பாளி, ஆனால் எரிபொருளை ஆறு சிலிண்டருக்கும் சமமாகப் பங்கு போடுவதில் படு மோசம் என்று பெயர் வாங்கியது.

வாங்குவதற்கு முன் நான் கேட்ட அறிவுரை எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரு நாசில் (பெட்ரோல் தெளிக்கும் முனை) இருக்கிறது, எது லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்த கலவையில், ஓடுகிறது என்று தெரிந்தால் அந்த நாசிலை மாற்றிச் சரி பண்ணலாம், காமி (GAMI) கம்பெனி அதற்காகவே அளவெடுத்துத் தேர்ந்த நாசில்களை விற்கிறது. கார்புரேட்டரில் இருப்பது ஒரே நாசில், அதிலிருந்து வருவதை ஆறு பேர் பிடுங்கிக்கொள்கிறார்கள், யாருக்குக் குறைந்தது என்று தெரிந்து நீ என்ன செய்யப் போகிறாய்? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் ரொம்ப நாள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். பெட்டி வந்த பிறகு தெரிந்தது என்னவென்றால், செய்வதற்கு காக்பிட்டிலேயே இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டுக்கும் கைப்பிடி ஏற்கெனவே பேனலில் இருக்கிறது, இல்லாதது அவற்றின் விளைவைப் பார்க்க ஒரு கண் மட்டும்தான்.

ஏன் பங்கீடு கெடுகிறது என்று கொஞ்சம் சொல்லிவிட்டால் மற்றது புரியும். கார்புரேட்டரின் நாசிலிலிருந்து பெட்ரோல் வெளியே வரும்போது அது வாயுவாக வருவதில்லை, துளிகளாக வருகிறது. சில துளிகள் உடனே ஆவியாகும், பெரிய துளிகள் ஆகாது. காற்று வளைவில் சுலபமாகத் திரும்பிவிடும். கனமான துளி திரும்பாது, நேரே போய்க் குழாயின் சுவரில் மோதி, அங்கே ஈரப் படலமாக ஒட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் இழுக்கப்படுகிறதோ அந்தப் பக்கம் வழியும். ஆக ஆறு சிலிண்டருக்கும் காற்று ஏறக்குறைய சமமாகப் போகும், பெட்ரோல் அப்படிப் போகாது. லைகாமிங்கின் ஓ-320, ஓ-360 போன்ற நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் உறிஞ்சு குழாய்கள் ஆயில் சம்ப் வழியாகப் போவதால் சூடான எண்ணெய் கொஞ்சம் உதவி செய்கிறது, துளிகள் வழியிலேயே ஆவியாக வாய்ப்பு கிடைக்கிறது. ஓ-470-ல் அந்த வசதி இல்லை, குழாய்கள் வெளியே குளிர்காற்றில் கிடக்கின்றன. குளிர் நாளில் நிலைமை இன்னும் மோசமாவது இதனால்தான்.

விமானத்தோடு வந்த பழைய ஈஜிடி மீட்டருக்கு ஒரே ஒரு ப்ரோப், அதாவது வெப்பம் அளக்கும் முனை. அது உட்கார்ந்திருக்கும் இடத்தில் என்ன நடக்கிறதோ அதை மட்டும் சொல்லும். பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே போகையில் அந்த ஊசி பீக் (உச்ச வெப்பம்) தொட்டுத் திரும்பும்போது மற்ற ஐந்தில் ஒன்று ஏற்கெனவே பீக்கைத் தாண்டி லீனாகிவிட்டிருக்கும், இன்னொன்று இன்னும் கொழகொழவென்று ரிச்சாக, பெட்ரோல் மிகுந்து, ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுமே தெரியாது. தெரிவதெல்லாம் எஞ்சின் நடுங்குவது மட்டும்தான்.

அந்த நடுக்கத்துக்கும் காரணம் உண்டு. ரிச் பக்கத்தில் கலவை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சிலிண்டர் தரும் சக்தி பெரிதாக மாறாது, அந்தப் பக்கம் வளைகோடு கிட்டத்தட்டத் தட்டை. பீக்கைத் தாண்டி லீன் பக்கம் போனால் அது செங்குத்தாக இறங்கும். ஆறு சிலிண்டரும் ஆறு இடத்தில் நின்றால், லீன் பக்கம் நிற்பவை சட்டென்று சக்தி இழக்கும், மற்றவை இழுக்கும், எஞ்சின் குலுங்கும். லீனாக ஓட்டினால் எஞ்சின் கெட்டுப்போகும் என்று சொல்பவர்கள் அனுபவித்தது பெரும்பாலும் இந்தக் குலுக்கலைத்தான். அதில் கலவையின் குற்றம் ஒன்றுமில்லை, பங்கீடு சரியில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம்.

மாட்டுவது சின்ன வேலை இல்லை. புகைக்குழாய் ஒவ்வொன்றிலும் துளை போட்டு ப்ரோப் இறக்க வேண்டும், சிலிண்டரோடு குழாய் பொருந்தும் ஃப்ளேஞ்சிலிருந்து இரண்டு முதல் நான்கு அங்குலத்துக்குள், முடிந்தவரை எல்லாவற்றுக்கும் ஒரே தூரத்தில். இதில் மெக்கானிக்கின் பொறுமை ரொம்ப முக்கியம். சிஹெச்டி ப்ரோப் திருகி ஏறும் இடம் சிலிண்டரில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பழைய மீட்டரின் ப்ரோப் அதில் உட்கார்ந்திருக்கும் சிலிண்டரில் மட்டும், ஸ்பார்க் ப்ளக்குக்கு அடியில் வைக்கும் வளைய ப்ரோப் போட்டுத் தருகிறார்கள், அது மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் வேறு அளவு காட்டும். அந்த ஒரு சிலிண்டரை மற்ற ஐந்தோடு ஒப்பிட முடியாது. இதை விற்கும்போது யாரும் சொல்வதில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் உட்காரவைக்கும் அடாப்டர் ப்ரோப் கிடைக்கிறது, ஆர்டர் செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். அப்புறம், சான்றிதழ் பெற்ற விமானம் என்றால் பெட்டிக்கு ஒப்புதல் காகிதம் வேண்டும், மெக்கானிக் லாக்புக்கில் பதிய வேண்டும். பழைய மீட்டர்களைக் கழற்றிவிட்டு இது ஒன்றையே நம்பலாமா, இல்லை அதுவும் பேனலில் இருக்க வேண்டுமா என்பது வாங்கும் மாடலைப் பொறுத்தது. இதைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

முதல் தடவை திரையைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். ஆறு கம்பிகள், ஆறு உயரம். ஒன்று 1,450 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும், பக்கத்தில் இருப்பது 1,370 காட்டும். கையேடு சொல்கிறது, நானும் அழுத்திச் சொல்கிறேன், இந்த உயரங்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். ப்ரோப் அரை அங்குலம் தள்ளி இருந்தாலே எண் மாறிவிடும். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பெட்ரோல் அளவை மாற்றும் மிக்ஸ்சர் கைப்பிடியை மெதுவாக இழுத்துக் குறைக்கும்போது எந்தச் சிலிண்டர் எப்போது பீக் தொடுகிறது, அந்த நொடியில் எரிபொருள் ஓட்டம் எவ்வளவு. முதலாவது பீக் தொட்டபோது இருந்த ஓட்டத்துக்கும் கடைசிச் சிலிண்டர் தொட்டபோது இருந்த ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் எஞ்சினின் மதிப்பெண். நன்றாகச் சரிசெய்த இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் இது மணிக்கு அரை காலனுக்குள் இருக்கும். கார்புரேட்டரில் ஒரு காலனைத் தாண்டுவது சாதாரணம். என்னுடையது நன்றாகவே தாண்டியது, எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

இந்தச் சோதனையை 65 சதவீத சக்திக்கு மேல் செய்ய வேண்டாம். அதற்குக் கீழே மிக்ஸ்சரை எங்கே வைத்தாலும் எஞ்சினுக்கு ஆபத்து குறைவு, நிதானமாக இழுத்துப் பார்க்கலாம். இன்னொன்று, எரிபொருள் ஓட்டம் காட்டும் சென்சாரை விருப்பத் துணைப்பொருளாகத் தனியாக விற்கிறார்கள். கார்புரேட்டர் எஞ்சினுக்கு அது எதற்கு என்று விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் மேலே சொன்ன மதிப்பெண்ணைப் போடவே முடியாது.

இப்போது அந்த இரண்டு கைப்பிடிகள்.

முதலாவது த்ராட்டில், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைப்பது. கொஞ்ச உயரத்துக்குப் போனபின் த்ராட்டிலை முழுசாகத் திறந்தே வைத்து ஓட்டுவதுதான் பலருடைய பழக்கம், மேனிஃபோல்ட் பிரஷரை, அதாவது உறிஞ்சு குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை, கடைசி வரை பிழிய. முழுசாகத் திறந்தால் த்ராட்டிலின் தட்டு காற்றோட்டத்துக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நேராக நிற்கும், ஓட்டம் குலையாமல் வழுக்கிப் போகும், துளிகள் துளிகளாகவே போய்ச் சேரும். அதோடு பல கார்புரேட்டர்களில் முழுத் திறப்பில் கூடுதல் பெட்ரோல் விடும் ஏற்பாடும் உண்டு, புறப்படும்போது எஞ்சினைக் குளிர்ச்சியாக வைக்க. கைப்பிடியை மெதுவாகப் பின்னால் இழுங்கள், மேனிஃபோல்ட் பிரஷர் ஊசி அசைய ஆரம்பிக்கும் அந்த இடத்தில் நிறுத்துங்கள், மீட்டரில் அரை இன்ச் (பாதரச அளவு) இறங்கினால் போதும். தட்டு சற்றே சாய்கிறது, அதன் பின்னால் காற்று சுழல்கிறது, துளிகள் உடைந்து கலக்கின்றன. திரையில் ஆறு கம்பிகளும் கொஞ்சம் அசைந்து இடம் மாறுவதைப் பார்க்கலாம். எல்லா எஞ்சினிலும் ஒரே அளவு பலன் கிடைக்காது, சாய்ந்த தட்டு கலவையை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும் எஞ்சின்களும் உண்டு. உங்களுடையது எந்த ரகம் என்று ஊகிக்க வேண்டாம், பெட்டியே காட்டிவிடும். எனக்கு இதில் பலன் இருந்தது, பிரமாதம் என்று சொல்லமாட்டேன்.

இரண்டாவது கார்ப் ஹீட். இதுதான் ஆளையே மாற்றியது. கார்புரேட்டரில் பனி பிடித்தால் போக்குவதற்கென்றே வைத்த கைப்பிடி, இருந்தாலும் அதைக் கொஞ்சமாக இழுத்து வைத்தால் உள்ளே போகும் காற்று சூடாகி, பெட்ரோல் வேகமாக ஆவியாகிறது. ஆவியான பெட்ரோல் காற்றோடு சேர்ந்து எந்த வளைவிலும் திரும்பும். நிதானமான பயணத்தில் கால்வாசி இழுத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். சூடான காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் கலவை முதலில் ரிச்சாகிறது, ஆறு ஈஜிடியும் இறங்குகின்றன. அங்கேயே விட்டுவிட்டால் பெட்ரோல்தான் வீண். மறுபடி மிக்ஸ்சரை இழுத்துப் பீக் தேடினால், கடைசியில் வரும் சோம்பேறிச் சிலிண்டர் முன்னைவிட வெகு சீக்கிரம் வந்து சேர்கிறது. முன்பு குலுங்கத் தொடங்கிய இடத்தில் எஞ்சின் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. வித்தியாசம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்று தாராளமாகச் சொல்லலாம், குளிர் நாளில் இன்னும் அதிகம்.

ஆனால் இதில் கண்ணை மூடிக்கொண்டு இறங்க முடியாது. கார்புரேட்டர் வெப்ப மீட்டர் இல்லாத விமானத்தில் கார்ப் ஹீட்டைப் பாதி இழுத்து வைக்காதே என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பது சும்மா இல்லை. காற்றில் பனித்துகள் இருந்தால், பாதிச் சூடு அதை உருக்கி, உள்ளே போய் மறுபடி உறைய வைக்கும். பெட்ரோல் ஆவியாவதும் வென்ச்சுரியில், அதாவது கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில், அழுத்தம் குறைவதும் சேர்ந்து காற்றின் வெப்பத்தை 70 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும்கூட இறக்கும், அதனால்தான் வெளியே நல்ல வெயில் அடிக்கும்போதும் கார்புரேட்டருக்குள் பனி கட்டுகிறது. மீட்டரில் மைனஸ் 15 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை மஞ்சள் பட்டை இருக்கும், ஊசி அதற்கு மேலே நிற்குமாறு சூட்டை வையுங்கள். பல மார்வல்-ஷெப்ளர் கார்புரேட்டர்களில் இந்த ப்ரோப்புக்கென்றே ஒரு துளையை அடைத்து வைத்திருக்கிறார்கள், மெக்கானிக்குக்குத் தெரியும். என்னைக் கேட்டால் இந்தப் பெட்டியோடு வரும் துணைப்பொருள்களில் இதுதான் முதலில் வாங்க வேண்டியது. இன்னும் இரண்டு விஷயம். கார்ப் ஹீட் வழியே வரும் காற்று ஃபில்டர் வழியாக வருவதில்லை, அதனால் தரையிலும் புழுதியிலும் வேண்டாம். சூடான காற்று டெட்டனேஷனை (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பதை) நெருங்கவைக்கும், ஆகவே புறப்படும்போதும் ஏறும்போதும் இந்த வேலையே கூடாது, பயணச் சக்தியில் மட்டும். விமானத்தின் கையேட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கையேடு சொல்வதே சட்டம்.

பெட்டி தன் விலையைத் திருப்பித் தந்தது இந்த இரண்டாலும் இல்லை, எதிர்பாராத ஒன்றால். இறங்க ஆரம்பிக்கும்போது த்ராட்டிலைக் குறைத்தால் மூன்றாவது சிலிண்டரின் கம்பி மட்டும் மற்றவற்றோடு சேர்ந்து இறங்காமல் மேலேயே நின்றது. முழுச் சக்தியில் அது ஒழுங்குப் பிள்ளை. இது உறிஞ்சு குழாயில் காற்று கசிவதற்கான பாடப்புத்தக அறிகுறி. த்ராட்டில் மூடியிருக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிட மிகக் குறைவு, சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும், அந்தச் சிலிண்டர் லீனாகும். த்ராட்டில் திறந்திருந்தால் உள்ளும் வெளியும் கிட்டத்தட்டச் சமம், ஓட்டை இருப்பதே தெரியாது. எஞ்சின் மூடியான கௌலிங்கைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தால், மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் குழாயின் ரப்பர் ஹோஸில் கிளாம்ப்புக்கு ஓரமாக, விரல் நக அகலத்தில் மங்கலான நீலக் கறை. 100 எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் சேர்க்கும் நீலச் சாயம், காய்ந்து ஒட்டியிருந்தது. ரப்பர் கல் மாதிரி இறுகிப்போயிருந்தது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. மெக்கானிக் வாக்குவம் க்ளீனரின் ஊதும் முனையைக் காற்று நுழையும் பக்கம் வைத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். நுரை அந்த ஹோஸில் கிளம்பியது, அடுத்த சிலிண்டரின் ஹோஸிலும் லேசாகக் கிளம்பியது. ஆறையும் மாற்றிவிட்டோம், புதுக் கிளாம்ப்போடு. அதன் பிறகு எடுத்த மதிப்பெண்ணில் தெரிந்த முன்னேற்றம், த்ராட்டில் வித்தையால் கிடைத்ததைவிட அதிகம்.

ஆகவே பெட்டி வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யலாம் என்று சொல்வேன். ஹோஸ், கேஸ்கெட், கிளாம்ப் மூன்றையும் சோதித்துவிடுங்கள். கூடவே ப்ரைமர், அதாவது ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோல் பீச்சும் கைப்பம்பு. அது சரியாகப் பூட்டாமல் ஒழுகினால் அதன் குழாய் போகும் சிலிண்டர்கள் மட்டும் ரிச்சாகும், கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிக் காலம் கழிப்பீர்கள்.

எரிச்சல்கள். சிஹெச்டி எச்சரிக்கை அளவை எஞ்சினின் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து அனுப்புகிறார்கள். ஓ-470-க்குச் சிவப்புக் கோடு 460 டிகிரி ஃபாரன்ஹீட், அங்கே போய் மணி அடித்து யாருக்கு என்ன லாபம்? 400-க்கு இறக்கி வைத்தேன். பீக் கண்டுபிடித்துத் தரும் வசதி அவசரக்குடுக்கை. காற்று கொஞ்சம் குலுக்கினாலோ, மிக்ஸ்சரைச் சற்று வேகமாக இழுத்தாலோ, தவறான சிலிண்டரைக் காட்டிக் கண் சிமிட்டும். நான் அதை நம்புவதில்லை, பதிவான தரவைத் தரையிறங்கியபின் கணினியில் போட்டு வரைபடமாகப் பார்க்கிறேன், உண்மை அங்கேதான் இருக்கிறது. அந்தத் தரவை வெளியே எடுக்கும் மென்பொருள் இருக்கிறதே, அதை எழுதியவர் அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. வெயில் நேராக விழுந்தால் திரை தெரியாது. பட்டன்கள் இரண்டே இரண்டு, எல்லா வேலையும் அவற்றை மாற்றி மாற்றி அழுத்தித்தான், கையுறை போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு நன்மை சொல்ல மறந்தேன். ப்ளக்குகளுக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோக்கள் இரண்டையும் சோதிக்கையில் ஒரு பக்கம் மட்டும் ஓடும்போது எல்லா ஈஜிடியும் ஏற வேண்டும். ஏதாவது ஒன்று ஏறாமல் விழுந்தால் அந்தச் சிலிண்டரில் அந்தப் பக்கத்து ப்ளக் செத்துவிட்டது. முன்பெல்லாம் பன்னிரண்டையும் கழற்றிப் பார்ப்போம்.

பங்கீட்டுக்கு வேறு என்னென்னவோ விற்கிறார்கள். மின்னணு இக்னிஷன் லீன் கலவையைச் சீக்கிரமாகவே பற்றவைத்துக் குலுக்கலைக் குறைக்கும், பங்கீட்டைத் தொடாது. பரிசோதனை வகை விமானங்களுக்கு வரும் த்ராட்டில் பாடி இன்ஜெக்டர்களும் பெட்ரோலை ஒரே இடத்தில்தான் தெளிக்கின்றன, அதன்பிறகு குழாய், வளைவு, ஈரப் படலம் எல்லாம் பழைய கதை. கார்புரேட்டர் நாசிலில் தானே துளை போட்டுப் பார்க்கும் வீரர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, சான்றிதழ் விமானத்தில் அது சட்டப்படியும் தப்பு.

யாருக்கு வேண்டாம்? நான்கு சிலிண்டர் லைகாமிங், நிலையான ப்ரொப்பெல்லர், வாரத்துக்கு ஒரு தடவை ஓடுதளத்தைச் சுற்றி வருவதோடு சரி என்றால், முதலில் கார்ப் வெப்ப மீட்டரும் புது ஹோஸ்களும் போதும். நீண்ட தூரம் போகிறவர்கள், அதிலும் ஓ-470 வைத்திருப்பவர்கள், வாங்குங்கள். வாங்கினால் எரிபொருள் சென்சாரையும் கார்ப் வெப்ப ப்ரோப்பையும் சேர்த்தே வாங்குங்கள், கௌலிங்கை இரண்டு தடவை கழற்றும் கூலியாவது மிஞ்சும்.